காணாமல் போன கைலி

"என் பாலுல விஷம் இருக்கான்னு பார்த்துச் சொல்ல முடியுமாக்கா?"

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அந்தப் பெண் இதைக் கேட்டுவிட்டாள். வாயில் இருந்த தே தாரிக் தேநீரை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உதவியாளன் சுகுமாறன் திண்டாடினான். கூலாய்ப் பட்டணத்தில் சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்கு, கம்பி நீட்டிய பங்காளியைக் கண்டுபிடிக்கச் சொல்லி வருவார்கள். மாப்பிள்ளைப் பையனின் யோக்கியதையை விசாரிக்க வருவார்கள். தன் பாலையே சந்தேகித்துக்கொண்டு இதுவரை யாரும் படியேறியதில்லை.

மீரா பீவி அசரவில்லை. இருபது வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காகப் பொய்களைக் குடைந்தெடுத்துவிட்டு, பிறகு சொந்தமாக இந்த அலுவலகத்தைத் திறந்தவர். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தண்ணீர் புட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"முதல்ல குடிங்கம்மா. பேரு?"

"லோஷினி. செடெனாக்லேருந்து வரேன்."

திக்கித் திணறி அவள் சொல்லி முடித்தாள். மூன்று மாதப் பெண் குழந்தை. சில வாரங்களாக நெற்றியிலும் கன்னத்திலும் மெல்லிய முடி முளைத்தது. பூனை முடி, தானே உதிரும் என்று மாமியார் ராஜம்மா சொன்னார். உதிரவில்லை, கறுத்துக்கொண்டே போனது. பிறகு குழந்தைக்கு வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நான்கு நாளைக்கு முன்னால் துணி மாதிரி துவண்டு போனதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. ஏன் என்று எந்தப் பரிசோதனையும் சொல்லவில்லை.

"இப்ப எப்படி இருக்கு?"

"தேறிடுச்சுக்கா. அதுதான் எனக்கு வினையே. நான் ஜாமு குடிக்கிறேன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். காரணம் தெரியுற வரைக்கும் தாய்ப்பால் வேணாம்னு டின் பால் குடுத்தாங்க. பாலை நிறுத்தினதும் பிள்ளை பொழைச்சிடுச்சு பாருன்னு அத்தை சொல்றாங்க. இன்னிக்குச் சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வருது. நான் சாஆ ஊருல அம்மா வீட்டுக்குப் போயிடணுமாம். பிள்ளை அவங்ககிட்டயே இருக்குமாம்."

"வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"ஒண்ணும் பேசமாட்றார்."

"வீட்டுல வேற யாரும் மருந்து எடுக்கிறாங்களான்னு டாக்டர் கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க. யாரும் இல்லன்னு அவர்தான் சொன்னார்."

சுகுமாறன் அதற்குள் வழக்கையே முடித்துவிட்டான். ஜாமுதான், வேறென்ன? பிள்ளை பெற்ற பெண்கள் குடிக்கும் அந்த மூலிகைக் கஷாயத்தில் எவன் என்னத்தைக் கலக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? அவனுக்கு வயது நாற்பத்திரண்டு, உச்சந்தலையில் எஞ்சியிருந்த முடிகளை இடமிருந்து வலமாக நீவி விட்டுக்கொண்டே, "ஜாமு எந்தக் கடையில வாங்கினது?" என்று மிடுக்காகக் கேட்டான்.

மீரா பீவி வேறு கேள்வி கேட்டார். "இந்த வாரங்கள்ல பிள்ளை நல்லா இருந்த நாள் ஏதாவது உண்டா?"

லோஷினி யோசித்தாள். "நடுவுல ஒரு வாரம் சாஆவுக்குப் போயிருந்தோம். அங்க வேர்க்கவே இல்ல. நல்லா தூங்குச்சு."

"அப்பவும் தாய்ப்பால்தானே? ஜாமு?"

"அங்கயும் குடிச்சேன்கா."

"சரி. பாலும் உங்ககூட சாஆவுக்கு வந்துச்சு, ஜாமுவும் வந்துச்சு. செடெனாக்லேயே தங்கிட்டது என்னன்னு பார்ப்போம்."

லோஷினியின் கைப்பேசியில் இருந்த படங்களை அவர் பெரிதாக்கிப் பார்த்தார். குழந்தையின் வலது கன்னத்திலும் வலது காதோரத்திலும் முடி அடர்த்தி. இடது பக்கம் அவ்வளவு இல்லை.

"தொட்டில்ல எப்படிப் படுக்கும்?"

"வலது பக்கமா ஒருக்களிச்சு. துணிய சப்பிக்கிட்டே தூங்கிடும்."

மீரா பீவி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

செடெனாக்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வரிசை வீடு அது. கூடத்தில் கம்பிச்சுருளில் தொங்கிய தொட்டிலைச் சாயங்காலத்துக்காக ராஜம்மா தயார்படுத்திக்கொண்டிருந்தார். மருமகளோடு இரண்டு அந்நியர்கள் வந்து நின்றதைப் பார்த்ததும் முகம் கடுகடுத்தது.

"துப்பறியறவங்களா? இங்க என்ன கொலையா நடந்துச்சு? கண்ட கஷாயத்தையும் குடிச்சிட்டு என் பேத்திய எமன் வாசல் வரைக்கும் கொண்டு போயிட்டா. இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?"

லோஷினி தலையைக் குனிந்துகொண்டாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது, குழந்தையை அழைத்துவருவதற்காக மகன் அரைநாள் விடுப்பில் வேலையிடத்திலிருந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டான் என்று ராஜம்மா சொன்னார். அவன் வருவதற்குள் ஏதாவது கிடைக்காவிட்டால், இந்தப் பெண் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் பேருந்து ஏற வேண்டியதுதான்.

மீரா பீவி தொட்டிலை ஆட்டிப் பார்த்தார். "துணி புதுசா இருக்கே. பிள்ளைக்கு உறுத்தாதா?"

கேள்வி ராஜம்மாவுக்குப் பிடித்துப்போனது. "அதான்மா எனக்கும் மனசே இல்ல. என் மகனோட பழைய கைலி ஒண்ணு இருந்துச்சு, பஞ்சு மாதிரி. அவன் காலையில வேலைக்குக் கிளம்பினதும் எடுத்துத் தொட்டில்ல விரிச்சிடுவேன். அப்பன் வாசனை இருந்தா பிள்ளை அழாம தூங்கும். எங்க எஸ்டேட்டுல எல்லாரும் அப்படித்தான் செய்வோம். அவன் வர்றதுக்குள்ள திரும்பக் கொண்டு போய்க் கொடியில போட்டுடுவேன். பிள்ளைய ஆஸ்பத்திரியில சேர்த்த நாளிலேருந்து அதைக் காணோம். வீடு பூரா தேடிட்டேன்."

"கிழிஞ்ச கைலிய எவன் திருடப் போறான்? துவைக்கிற மெஷினுக்கு அடியில கிடக்கும் லா" என்று சுகுமாறன் சிரித்தான்.

மீரா பீவி சிரிக்கவில்லை. "காலையில நீங்க எடுக்கிற வரைக்கும் அது எங்க இருக்கும்?"

"அவன் தலையிலதான். ராத்திரி பூரா ஏர்கான் குளிரு, சைனஸ் வருதுன்னு தலையில சுத்திக்கிட்டுத்தான் படுப்பான். பாவம், விடியறதுக்கு முன்னாடியே சிங்கப்பூருக்கு பைக் ஓட்டணும்."

"சாஆவுல தொட்டில் எதுல கட்டினீங்க?" என்று மீரா பீவி லோஷினியிடம் திரும்பினார்.

"அம்மாவோட சேலையிலக்கா."

மகன் படுக்கும் அறையைப் பார்க்கலாமா என்று கேட்டு உள்ளே போனார். பிள்ளை பிறந்ததிலிருந்து லோஷினி பக்கத்து அறையில் குழந்தையோடு படுக்கிறாள். கட்டில், மேலே சுழலும் காற்றாடி, சுவரில் ஏர்கான். அதன் ரிமோட் மேசையில் தூசி படிந்து கிடந்தது. மீரா பீவி அதைத் திருப்பிப் பின்மூடியைத் திறந்தார். பேட்டரி இல்லை.

"ஏர்கான் கெட்டு மாசக்கணக்காச்சுக்கா, அத்தைக்குத்தான் தெரியாது" என்றாள் லோஷினி.

சுகுமாறனுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. குளிரே இல்லாத அறையில் தலையைப் போர்த்திக்கொண்டு படுப்பானேன்? அவன் அதை வாய்விட்டுச் சொல்வதற்குள் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

லோஷினியின் கணவன் ரூபேந்திரன் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே நுழைந்தான். முப்பத்து நான்கு வயதுக்கு நல்ல அடர்த்தியான முடி. சுகுமாறனுக்கு வயிறு எரிந்தது. பையன் சரியாகச் சவரம் செய்யவில்லை போல. கன்ன எலும்பின் மேலேயும் கண்ணோரத்திலும் மெல்லிய கறுப்பு ரோமம் இருந்தது. வந்திருப்பவர்கள் யார் என்று தெரிந்ததும் அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"உட்காருங்க தம்பி" என்றார் மீரா பீவி. "எல்லாரும் உட்காருங்க. தாய்ப்பாலா, ஜாமுவான்னு முதல்ல பேசி முடிச்சிடுவோம். ரெண்டும் இல்ல. சாஆவுல இவங்க ரெண்டையும் நிறுத்தல, பிள்ளை நல்லா இருந்துச்சு. ஆஸ்பத்திரியில நின்னு போனது பால் மட்டும் இல்ல. இந்தத் தொட்டிலும் நின்னு போச்சு. சாஆவுல இல்லாதது, ஆஸ்பத்திரியில இல்லாதது, இந்த வீட்டுல மட்டும் இருந்தது அந்தக் கைலி. பிள்ளை வலது கன்னத்தை அதுல வெச்சுத்தான் படுத்துச்சு. முடியும் அந்தப் பக்கம்தான் அதிகம்."

"தோட்டத்துப் பூச்சி மருந்தா மீராக்கா?" சுகுமாறன் துள்ளி எழுந்தான். "கைலியில பட்டிருக்குமோ?"

"பூச்சி மருந்து முடி வளர்க்காது, சுகு. பிள்ளைக்கு முடி வளர்ந்திருக்கு, ரத்த அழுத்தம் இறங்கியிருக்கு, நெஞ்சு வேகமா அடிச்சிருக்கு. இது மூணையும் செய்யற மருந்து எதுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். நன்றாகத் தெரியும். போன வருடம் தோல் டாக்டர் ஒருவரைத் திருட்டுத்தனமாகப் போய்ப் பார்த்து, அவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பயந்துபோய்ப் பர்சிலேயே வைத்துக்கொண்டிருப்பவன் அவன். காது வரை சிவந்து போய்ச் சொன்னான்: "மினாக்ஸிடில். முன்னால ரத்த அழுத்தத்துக்குத்தான் குடுத்தாங்க. அதைச் சாப்பிட்டவங்களுக்கு முடி முளைச்சதால, வழுக்கைக்குத் தலையில தடவக் குடுக்க ஆரம்பிச்சாங்க. டாக்டர் எழுதிக் குடுத்தா காட்டமாவே கிடைக்கும். முகத்துல வழிஞ்சா அங்கயும் முடி முளைக்கும்..."

சொல்லிக்கொண்டே அவன் ரூபேந்திரனின் கன்னத்தைப் பார்த்தான். லோஷினியும் பார்த்தாள்.

"ராத்திரி மருந்தைத் தடவினா தலையணையில கறை படும், கேள்வி வரும்" என்றார் மீரா பீவி. "அதனால கைலியச் சுத்திக்கிட்டீங்க. அம்மாகிட்ட ஏர்கான்மேல பழியப் போட்டீங்க. அந்த ஏர்கான் செத்துக் கிடக்கு. கிழிஞ்ச கைலிய வெளியாளு எவனும் எடுக்க மாட்டான். அதுல என்ன ஊறியிருக்குன்னு தெரிஞ்ச ஆளுதான் எடுப்பான். எங்க தம்பி அது?"

ரூபேந்திரன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"பெட்ரோல் போடுற எண்ணெய்க் கடை குப்பைத்தொட்டியில போட்டுட்டேன்" என்றான் கடைசியில். "பிள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன அன்னிக்குச் சீக்கிரம் வந்தேன். பிள்ளை வாயில அந்தக் கைலி முனை இருந்துச்சு. அம்மா அதை எடுத்துப் போடுறாங்கன்னே எனக்கு அதுவரைக்கும் தெரியாது, சத்தியமா தெரியாது. எடுத்துட்டேன்ல, இனிமே ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"டாக்டர் கேட்டப்போ சொல்லியிருக்கலாமே?"

"பக்கத்துல இவ நின்னா. அம்மா நின்னாங்க. முன்ன ஒரு இடத்துல நிச்சயம் வரைக்கும் போயி, மாப்பிள்ளைக்குச் சொட்டைன்னு நிறுத்திட்டாங்க. லாபிஸ் ஊரு பூரா சிரிச்சாங்க. அப்புறம்தான் மாத்திரை, மருந்துன்னு ஆரம்பிச்சேன். இவளப் பொண்ணு பார்க்க வரும்போது தலை நிறைய முடி. அதை எப்படி நான்..."

"அய்யோ, நான்தானே எடுத்து விரிச்சேன்" என்று ராஜம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யார் விரிச்சதுன்னு அப்புறம் அழுவோம். மருந்துப் புட்டி எங்க?" மீரா பீவியின் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "நான் டாக்டர் இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க. உங்க வாயால நீங்களே சொல்லுங்க, எல்லாரும் கேக்குற மாதிரி."

மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியிலிருந்து புட்டி வந்தது. மருந்துக் கடைச் சீட்டில் அவன் பெயர் இருந்தது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று மூன்று மொழிகளில் அச்சிட்டிருந்தது. அவன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வைத்துப் பேசினான். மறுமுனையில் பெண் டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, புட்டியை உடனே கொண்டு வரச் சொன்னார். குழந்தையை இன்னும் ஓர் இரவு கண்காணிப்பில் வைத்திருப்பதாகச் சொன்னார். இனி மருந்து தடவிய அந்தத் தலையில் குழந்தையின் முகமோ கையோ படக்கூடாது என்றார்.

"தாய்ப்பால் குடுக்கலாமா டாக்டர்?" என்று மீரா பீவிதான் கேட்டார்.

"தாராளமா. ஜாமு மட்டும் வேணாம். அவங்களை வரச் சொல்லுங்க."

சுகுமாறனுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. லோஷினியின் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆசை அடங்கிவிட்டது. அவள் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொட்டைத் தலையோட வந்திருந்தாலும் நான் உங்களத்தான் கட்டியிருப்பேன்" என்றாள். "அது போகட்டும். இந்த நாலு நாளும் நான் பாலைப் பீய்ச்சிப் பீய்ச்சி சிங்க்ல ஊத்துனேன். விஷம்னு நெனச்சு, அழுதுக்கிட்டே ஊத்துனேன். பக்கத்துல நின்னு தண்ணியத் தொறந்து விட்டது நீங்கதான்."

சாவியை எடுத்துக்கொண்டு எழுந்த ரூபேந்திரனை அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். புட்டியை அவன் கையிலிருந்து வாங்கி மீரா பீவியிடம் கொடுத்துவிட்டு, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அண்ணே, நீங்க வண்டிய எடுங்க" என்றாள் சுகுமாறனிடம். "பிள்ளைக்குப் பசிக்கும்."