மைனஸ் இருபதில் ஒரு காலிக் குப்பி

காலை 10.40.

"குப்பி காலி!"

மூன்றாவது மாடியில் ஆய்வு மாணவி போட்ட சத்தம், தரைத்தளத்து ஸ்டோரில் கையுறைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த கறார் காதுவரை வந்தது. அந்த ஆய்வுக்கூடத்தில் ஸ்டோர் கீப்பருக்குக் கறார் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்தது சம்பளச் சீட்டோடு சரி. ஜவுளி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். துணியைத் தொடுமுன் விற்பவன் முகத்தைத் தடவிப் பார்க்கும் பழக்கம் அவரைவிட்டுப் போகவே இல்லை.

காலையிலிருந்தே அவர் தங்கை பிரசவ அறையில் இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்ததும் அவள் புருஷனை ஒன்பதரைக்குக் கறாரே வாசல்வரை போய் வண்டி ஏற்றி அனுப்பினார். அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் போன் அணைந்தே கிடந்தது. அந்தப் புருஷன்தான் மூன்றாவது மாடியின் டெக்னீஷியன். ஃப்ரீசர் அவர் பொறுப்பு.

கறார் மூன்று மாடியும் ஏறி வந்தார்.

"வாங்க. உங்க மாப்பிள்ளை கைவரிசையைப் பாருங்க" என்றார் இயக்குநர். அவர் கையில் காகிதம். "தற்காலிக நீக்கம். பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டுடுவேன்."

மாணவியின் உள்ளங்கையில் விரல்நுனி அளவுப் பிளாஸ்டிக் குப்பி. மூடி லேசாகத் தளர்ந்திருந்தது. மூடியைச் சுற்றிய சீல் வளையம் அறுந்து ஃப்ரீசர் தட்டில் கிடந்தது. உள்ளே துடைத்துவைத்தாற்போல் சுத்தம்.

"இதுல என்னம்மா இருக்கணும்?" என்றார் கறார்.

"கீமோகைன் சார். மனுஷ உடம்புல வெள்ளணுக்களை 'இந்தப் பக்கம் வா'ன்னு கூப்பிடுற புரதம். மனுஷ ஜீனை பாக்டீரியாவுக்குள்ள வெச்சு, அதைத் தயாரிக்க வெச்சு, காயவெச்சு அனுப்புவாங்க." அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "காலைல ஒருத்தர் ரத்தம் குடுத்தாங்க. அந்த வெள்ளணுக்கள் ரெண்டு மணிக்கு மேல தாங்காது. இதை விட்டா என் ஆறு மாச வேலை போச்சு."

"இதுக்கு முன்னாடி இந்த மாதிரி குப்பியைப் பிரிச்சிருக்கியா?"

"இல்ல சார். டெக்னீஷியன் அண்ணன்தான் எப்பவும் கரைச்சுக் குடுப்பார்."

இருபது வருஷமாகச் சோதனைக்குழாயைத் தொடாத இயக்குநர் ரசீதை நீட்டினார். மாப்பிள்ளையின் கையெழுத்து: குப்பி ஒன்று, சீல் நல்ல நிலையில், காலை 9.20.

"அவர் வாங்கும்போது சீல் நல்லா இருந்திருக்கு. இப்ப இல்ல. வேற என்ன சாட்சி வேணும்?"

"இருக்கு சார், நானே சாட்சி" என்று ஓரத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல். டை கட்டிய விற்பனைப் பிரதிநிதி. குப்பியைக் கொண்டுவந்தவர். வரவேற்பறையில் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டு மாணவிக்கு ஆறுதல் சொல்ல வந்திருந்தார். "நான் குடுக்கும்போது அடியில கடுகளவு வெள்ளைத் தூள். என் கண்ணால பார்த்தேன். குடுத்ததோட நானும் டெக்னீஷியனும் ஒண்ணா இறங்கிட்டோம்."

"கடுகளவா தம்பி?"

"கடுகளவு."

கறார் தலையாட்டிக்கொண்டார். சரக்கைக் கொடுத்துவிட்டு இரண்டாவது டீ வரை காத்திருக்கும் பிரதிநிதியை அவர் தம் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

காலை 11.05.

ஃப்ரீசர் கதவில் மணி அச்சிட்ட ஒரு வட்டக் காகிதம் சுழலும், அதில் ஒரு முள் கோடு போடும். குளிர் குறைந்தால் முள் மேலே ஏறும், கதவைத் திறந்தால் கோட்டில் ஒரு மேடு விழும். கறார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். இன்று காலை மூன்று மேடுகள். சாவி பக்கத்து ஆணியில், யார் கைக்கும் எட்டும்படி தொங்கியது.

பிறகு குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தார்.

"என்னய்யா பண்றீங்க?" இயக்குநர் மூக்கைப் பொத்தினார்.

"வந்த சரக்கோட ஜாதகம் பெட்டியிலதான் சார் இருக்கும்."

குப்பி வந்த தெர்மோகோல் பெட்டி. அனுப்பிய தேதி வெள்ளிக்கிழமை. இன்று திங்கள். உள்ளே இருந்த ஐஸ் பைகள் வெதுவெதுப்பாகக் கொழகொழத்தன. பெட்டியின் உட்சுவரில் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை, ஐஸ் உருகி நாளாகியிருந்தது. மூலையில் பிரிக்கப்படாத மடிப்போடு கம்பெனியின் ஆங்கிலக் குறிப்புச் சீட்டு.

கறார் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு தடவை. இன்னொரு தடவை. மாப்பிள்ளைக்கு மறுபடி போன் அடித்தார். அணைந்திருந்தது.

காலை 11.50.

இயக்குநர் பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் சார். தம்பி, குப்பியில எவ்வளவு எடைன்னு போட்டிருக்கு?"

"பத்து மைக்ரோகிராம்" என்றார் பிரதிநிதி.

"பொடி உப்புல ஒரே ஒரு துகள் எவ்வளவு இருக்கும்மா?"

மாணவி யோசித்தாள். "அறுபது இருக்கலாம்... மைக்ரோகிராம்." சொன்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆக, அந்த உப்புத் துகள்ல ஆறுல ஒரு பங்கு. கூட வேற எதுவும் கலக்கலைன்னு சீட்டு சொல்லுது. காய்ஞ்சு குப்பியோட சுவத்துல படலமா ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாதுன்னும் அதுவே சொல்லுது. தம்பி மட்டும் கடுகளவு பார்த்திருக்கார்."

"நான்... வேற குப்பியோட குழப்பிக்கிட்டேன்."

"சரி, குழப்பம். இந்த வட்டக் காகிதத்துக்கு வருவோம். ஒன்பது இருபது, மாப்பிள்ளை உள்ள வெச்சது. பத்து நாப்பது, பொண்ணு திறந்தது. நடுவுல ஒன்பது முப்பத்தாறுக்கு ஒரு மேடு. ஒன்பதரைக்கு அவரை நானே வண்டி ஏத்தி அனுப்பினேன். அவர் தனியாத்தான் வந்தார், தம்பி. நீங்க கூட இறங்கலை."

பிரதிநிதி டையைத் தளர்த்தினார். டை போகவில்லை, முகத்தின் நிறம்தான் போயிற்று.

"பெட்டி ரெண்டு நாள் எங்க கிடந்துச்சு?"

பிரதிநிதியின் கை சட்டைப்பையில் கார் சாவியைத் துழாவியது.

"கார் டிக்கியில" என்றார் பிரதிநிதி கடைசியில். "வெள்ளிக்கிழமை மறந்துட்டேன். காலைல பார்த்தா ஐஸ் எல்லாம் தண்ணி. சோதனை சொதப்பினா நேரா என் வேலைக்கு வேட்டு. டெக்னீஷியன் போன் வந்ததும் ஓடினார், சாவி ஆணியில இருந்துச்சு. சீலை மட்டும் அறுத்து மூடியைத் தளர்த்தினேன். இங்கேயே யாரோ கைவெச்ச மாதிரி இருக்கட்டும்னு. எதையும் கொட்டலை சார், உள்ள எட்டிக்கூடப் பார்க்கலை. இந்தப் பொண்ணு 'காலி'ன்னு கத்தினதும் வாய்ல வந்தது கடுகு."

"எத்தனை குப்பி வித்திருப்பீங்க?"

"ஆயிரம் இருக்கும்."

"ஒண்ணையாவது வெளிச்சத்துல தூக்கிப் பார்த்திருக்கலாம். எங்க கடையில துணி விக்கிற பையன்கூட விரிச்சுப் பார்த்துட்டுத்தான் பொய் சொல்லுவான்." கறார் சீட்டை அவர் மடியில் வைத்தார். "இதையும் படிங்க. காய்ஞ்ச நிலையில சாதாரண சூட்டுல மூணு வாரம் தாங்குமாம். நீங்க பயந்திருக்கவே வேண்டாம்."

இயக்குநர் காகிதத்தை நான்காகக் கிழித்தார். மாணவி அதையெல்லாம் பார்க்கவில்லை. குப்பியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள்.

"மூடி தளர்ந்து கிடந்துச்சே. பறந்து போயிருந்தா?"

கறார் சீட்டைத் திரும்ப எடுத்து, அடுத்த வரியை விரலால் காட்டினார்: திறக்குமுன் சுழற்றவும். அவள் மூடியை இறுக்கினாள். சுழல் இயந்திரத்தில் வைத்து ஒரு நிமிடம் சுழற்றினாள். பிறகே திறந்து, சொட்டுச் சொட்டாகச் சுத்த நீர் விட்டாள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காட்டி, கண்ணுக்குத் தெரியாத வேறொன்றுக்கு ஆசையூட்டும் வேலை. நடுவே நுண்துளைச் சவ்வு; அதற்கு அந்தப் பக்கம் புரதம், இந்தப் பக்கம் வெள்ளணுக்கள்.

பிற்பகல் 1.35.

மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் நிமிரவே இல்லை. கறார் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னம்மா?"

"நகருது சார்." அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "எல்லாம் அந்தப் பக்கம் போகுது!"

அப்போதுதான் போன் அடித்தது. மாப்பிள்ளை.

"மச்சான், பொண்ணு! ரெண்டு கிலோ எண்ணூறு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

கறார் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"மச்சான், இருக்கீங்களா? ஓடுற அவசரத்துல அந்தப் பொண்ணுகிட்ட சொல்ல மறந்துட்டேன். புதுக் குப்பி வந்திருக்கு. பார்க்க காலியாத்தான் இருக்கும், பயந்துடப் போகுது. சொல்லிடுங்க."