அறுபத்து மூன்றா, அறுபத்து எட்டா?

எழுந்தான். பல் தேய்த்தான். தேநீர் போட்டுப் பாதி குடித்தான். படி இறங்கிக் கீழே இருந்த தன் பழுது பார்க்கும் கடையைத் திறந்தான். சால்டரிங் இரும்பைச் சூடேற்றினான். மாடியிலிருந்து அக்கா, "சாப்பிட்டியாடா?" என்றாள். "ம்" என்றான். சாப்பிடவில்லை. மனைவி இறந்து இரண்டு வருடம். காலைகள் இப்படித்தான் போயின.

அன்று மழை பிடித்துக்கொண்டது.

கடை வாசலில் ஒருத்தி ஓடிவந்து ஒதுங்கினாள். கையில் கனமான பெட்டி. மழைக்கோட்டைக் கழற்றிப் பெட்டிக்குப் போர்த்தியிருந்தாள். அவள் தொப்பலாக நனைந்திருந்தாள்.

"உள்ள வாங்க. அது நனையக் கூடாது."

"ஓஹோ... நான் நனையலாம்?"

துண்டை எடுத்து நீட்டினான்.

அவள் துண்டால் முதலில் பெட்டியைத் துடைத்தாள். பிறகுதான் முகத்தை. நகர அருங்காட்சியகத்தில் பழைய ரேடியோக்களைச் சரிசெய்பவளாம். யாரோ நன்கொடையாகக் கொடுத்த இந்தக் கிட்டார் ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில் மழை.

"பிரிட்டன்ல செஞ்சது. புதுக் கூடத்துல வைக்கப் போறோம், கீழ வருஷம் எழுதணும். சீரியல் நம்பரைப் பாத்து அறுபத்து மூணுன்னு மேலதிகாரிகிட்ட சொல்லிட்டேன்."

"சீரியல் நம்பர் பொய் சொல்லும்."

"அப்போ எதுதான் உண்மை பேசும்?"

"வயிறு."

பின்பலகையைக் கழற்றினான். அவள் குனிந்து எதையோ காட்ட உள்ளே கை நீட்டினாள். சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"கை வைக்காதீங்க! பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ள கரண்ட் தங்கியிருக்கும்!"

இரண்டு வருடத்தில் அவன் குரல் இவ்வளவு உயர்ந்ததில்லை.

"தெரியும் சார். நான் தினமும் ரேடியோ வயித்துல கை விடறவதான்..." அவள் உதட்டோரம் சிரிப்பு. "இப்போ என் கையை விடலாமே?"

விட்டான். காது சுட்டது. உள்ளே தங்கியிருந்த மின்சாரத்தை இறக்கிவிட்டு விளக்கை அருகில் இழுத்தான். ட்ரான்ஸ்ஃபார்மரில் குத்திய முத்திரை, அறுபத்து மூன்று. ஒலிக் குமிழின் அடியில் இருந்த எண்ணும் அதையே சொன்னது. ஓரத்தில் ஒரு பெரிய கப்பாசிட்டர் மட்டும் அறுபத்து எட்டு என்றது. அதன் அடியையும் பார்க்க வேண்டும் என்று தலையைத் திருப்பினான்...

எதிரே அவள் முகம். விளக்கின் வெளிச்சம் முழுக்க அவள் கண்களில் இருந்தது. இமை நுனியில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. விழுந்தது.

"அறுபத்து எட்டு," என்றான் அவசரமாக.

"எப்படி?"

"பழைய பாகம் கிடங்குல தூங்கிட்டுப் புதுப் பெட்டிக்குள்ள போகலாம். அறுபத்து எட்டுல பொறந்த பாகம் அறுபத்து மூணுலயே உள்ள போக முடியாதே. அசல் பாகங்கள்ல கடைசியா வந்தது எதுவோ, அதுதான் பெட்டியோட வயசு."

"அதை யாராவது பின்னாடி மாத்தியிருந்தா? பத்தவெச்ச ஈயத்தைப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன். அசல்தான்."

அவள் முகம் வாடியது. "சரி... நீங்க சொன்னா சரிதான். மேலதிகாரிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்." தளர்ந்திருந்த மின்வயரை மாற்றப் பெட்டியை அவனிடம் விட்டுவிட்டுத் தூறலில் இறங்கிப் போனாள். மழைக்கோட்டைக் கையிலேயே வைத்திருந்தாள்.

மாலையில் பெட்டியைக் கவிழ்த்தபோது அந்தக் கப்பாசிட்டரின் அடி கண்ணில் பட்டது. மற்ற இணைப்புகளில் ஈயம் சாம்பல் பூத்துக் கிடந்தது. இதில் மட்டும் பளபளத்தது. யாரோ பிற்பாடு மாற்றியது. பெட்டி அறுபத்து மூன்றுதான். அவன் பார்க்கவே இல்லை. பார்த்ததாகச் சொல்லியிருந்தான்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" அக்கா படியில் நின்றாள்.

சொன்னான்.

"அவ்வளவுதானே? போன் போட்டுத் தப்புன்னு சொல்லு."

"ஏன் பாக்கலைன்னு கேப்பாங்க."

"ஏன் பாக்கல?"

அவன் குனிந்து வயரைச் சுற்றத் தொடங்கினான். அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அடப்பாவி... அப்படியா சங்கதி!"

"சும்மா இரு, அக்கா. அவ போய் ரெண்டு வருஷம்தான் ஆகுது... நான் எப்படி இன்னொருத்தியை..."

அக்காவின் சிரிப்பு நின்றது. படி இறங்கி வந்து அவன் தோளில் கை வைத்தாள்.

"உன் துக்கத்துக்கு அந்தப் பொண்ணு என்னடா பண்ணும்? சரியாச் சொன்னவ மன்னிப்புக் கேட்டுட்டு நிக்கறா. போய் உண்மையைச் சொல்லு. முழுசா சொல்லு."

மறுநாள் பெட்டியை அவனே சுமந்துகொண்டு போனான். புதுக் கூடத்தில் அவள் ஏணியில் நின்று பெயர்ப்பலகையைத் திருகிக்கொண்டிருந்தாள். 1968.

"அதைக் கழட்டிடுங்க. நீங்க சொன்னதுதான் சரி. அந்தக் கப்பாசிட்டர் பின்னாடி மாத்தினது."

அவள் மெல்ல இறங்கினாள். "ஈயத்தைப் பாத்துட்டேன்னு சொன்னீங்களே?"

"பாக்கல."

"ஏன் சார்?"

கூடத்தில் வேறு யாரும் இல்லை. பெட்டியைக் கீழே வைத்தான். கைகளுக்கு வேலை இல்லாமல் போனது.

"என் மனைவி இறந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் நான் எதையும் நின்னு பாத்ததில்ல. நேத்து... ஈயத்தைப் பாக்க வேண்டிய நேரத்துல உங்களைப் பாத்துட்டேன். அதை ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு. அதான் பொய் சொன்னேன்."

அவள் கையிலிருந்த திருகாணியையே பார்த்தாள். வெளியே மழை இல்லை, வெயிலும் இல்லை. அவன் திரும்பி நடந்தான். கதவருகே போனபோது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"நாளைக்கு ஒரு ரேடியோ எடுத்துட்டு வரேன்... அதுல ஒரு கோளாறும் இல்ல. முன்னாடியே சொல்லிட்டேன்."