கட்டு மாற்ற வருகிறவர்

இன்று நர்ஸ் உள்ளே வந்தபோது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால், நேற்றும் கேட்கவில்லை.

சின்னவள் சுவரைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது. மூளையின் அடிப்பகுதி மண்டையோட்டின் துவாரத்தில் இறங்கி நெருக்குகிறது என்று, பின்னந்தலையில் ஒரு துண்டு எலும்பை எடுத்து, பத்துத் தையல் போட்டு அனுப்பியிருந்தார்கள். கழுத்தைத் திருப்பக் கூடாது, குனியக் கூடாது, தும்மினால்கூட வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும். வெளிச்சத்தில் கண் கூசியதால் ஜன்னலுக்கும் கதவுக்கும் முதுகைக் காட்டியே உட்கார வேண்டியிருந்தது.

ஐந்து வருஷமாகத் தலைவலி என்று அழுதபோது யாரும் நம்பவில்லை. "வேலைக்குப் போக சோம்பேறித்தனம்" என்றான் அண்ணன். "போனைப் பார்க்கிறதைக் குறைச்சுக்கோ, எல்லாம் சரியாப் போயிடும்" என்றாள் அம்மா. மூக்குக்கண்ணாடிக் கடையில், லென்ஸ் தேய்க்கிற மேசையிலேயே அவள் மயங்கி விழுந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்ததும் இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. மன்னிப்பு மட்டும் இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

அம்மாவுக்கும் அண்ணனுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆனால் சொல்ல வேண்டியது எதுவானாலும் சின்னவள் வழியாகத்தான். "உங்கண்ணன்கிட்ட சொல்லு", "உங்கம்மாகிட்ட சொல்லு" என்று அவளைத் தபால்காரி ஆக்கிவைத்திருந்தார்கள். ஆபரேஷனுக்கு அவளைப் படுக்கவைத்ததும் தபால் நின்றுபோனது.

இரண்டு பேரும் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும். மூன்று மணிக்கு நர்ஸ் வந்து கட்டு மாற்றுவார் என்று ஏற்பாடு. மாத்திரை மயக்கத்தில் கதவு திறப்பது அவள் காதில் விழாது. முதலில் வாடை வரும், மருந்து ஸ்பிரிட்டும் அதற்கடியில் ஈரச் சுவரின் பூஞ்சையும் கலந்த வாடை. பிறகு பிடரியில் குளிர்ந்த விரல்கள். முடியை ஒதுக்கி, பிளாஸ்டரை வலிக்காமல் உரித்து, ஏதோ ஓரிடத்தில் சின்னதாய் ஒரு இழுப்பு இழுத்து, புதுத்துணியை ஒட்டிவிட்டுப் போய்விடும். பத்து நாளில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பரவாயில்லை, இந்த வீட்டில் பேசிக் கிழித்தவர்கள் போதும். அம்மாவின் கைகூட என்றைக்கும் இத்தனை பதமாய் இருந்ததில்லையே என்றுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

இன்று விரல்கள் பிளாஸ்டரை உரித்துக்கொண்டிருக்கும்போது மடியில் போன் அடித்தது. தெரியாத எண். ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாப்பா, நர்ஸ் பேசறேன்மா. நாளைக்குத் தையல் பிரிக்கணும், ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. காயம் எப்படி இருக்கு?"

பிடரியில் விரல்கள் நின்றன.

"சிஸ்டர்... நீங்க இங்கதானே இருக்கீங்க?"

"நான் எங்கம்மா வந்தேன்? முதல் நாளே உங்கண்ணன் போன் பண்ணிட்டாரே. வெளியாளுக்குச் சாவி கொடுக்கிறது சரிப்படாது, அம்மாவே மாத்திடுவாங்கன்னார். அம்மாகிட்ட சொல்லலையா?"

எப்படிச் சொல்வான்? தினமும் சாயங்காலம் வெள்ளைக் கட்டைப் பார்த்து, நர்ஸ் வந்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று அம்மா நினைத்தாள். அம்மா மாற்றியிருக்கிறாள் என்று அண்ணன் நினைத்தான். வீம்பை விட்டு ஒருத்தர் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

"பாப்பா? அப்போ கட்டு யார்தான் மாத்தறாங்க? ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பார்க்கிறேன்."

எழுந்து ஓட முடியாது. சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். விழுந்தால் அந்த இடத்தில் தடுக்க எலும்பு இல்லை. வெறும் தோல்.

வாடை நெருங்கியது. ஈரச் சுவர். மூச்சுச் சத்தம் இல்லை.

போனைத் தலைக்கு மேலே உயர்த்திப் பின்பக்கமாய்ச் சாய்த்துப் பிடித்தாள். படம் சரியாக விழட்டும் என்பதுபோல விரல்கள் முடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டன.

கிளிக்.

போனை முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள்.

தையல் ஒன்றுதான் மிச்சம். மற்ற இடமெல்லாம் வாய் பிளந்து கிடந்தது. பிரித்த நூல்கள் நாற்காலியின் முதுகுப் பலகைமேல் வரிசையாய். ஒன்பது. முடியைப் பிடித்திருந்தது மணிக்கட்டு வரைக்குமான ஒரு கை. அதற்குப் பின்னால் யாரும் இல்லை. காலியான அறை. சாத்திய கதவு.

"போட்டோ வரலையேம்மா."

ஒரு இழுப்பு. சின்னதாய்.

"பாப்பா? லைன்ல இருக்கியா?"

பிறகு ஒரு குளிர்ந்த விரல், கொஞ்சமும் வலிக்காமல், எலும்பு இல்லாத இடத்தின் வழியே உள்ளே போயிற்று. ஐந்து வருஷத் தலைவலி அப்படியே நின்றது. வலிக்கிற இடத்தைச் சரியாகத் தொட்டது, இத்தனை காலத்தில், அது ஒன்றுதான்.