ஒரே எண்ணில் இரண்டு அறைகள்

மூன்று வாரமாக வராத கேமராப் படம் அன்று காலை வந்தேவிட்டது. ஆனால் கட்டிலில் நைனா இல்லை.

கோவர்த்தனன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். நைட் ஷிப்ட் முடித்து திருப்பதி அறைக்கு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் லேப்டாப் முன் உட்கார்ந்திருந்தான். சே, என்ன பிழைப்பு! கங்காதர நெல்லூரில் பக்கவாதத்தில் பேச்சும் கைகாலும் போய்க் கிடக்கும் அப்பாவை, அவன் நைனாவை, கேமராவில் பார்க்க இத்தனை பாடு. இன்டர்நெட்காரன் அங்கே தெருவுக்கே ஒரே இன்டர்நெட் முகவரி எண்ணை வைத்து ஓட்டுகிறான். வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைய வழியில்லை. அதனால் வீட்டு ரவுட்டர் பெட்டியே வெளியே வந்து ஒரு வாடகை சர்வரில் இவன் பெட்டியைச் சந்திக்கும்படி செய்தான். அங்கும் சிக்கல். இரண்டு பெட்டியிலும் கடையில் வாங்கியபோது இருந்த அதே எண்கள்; எது எந்த இடம் என்று சர்வருக்குப் பிரித்துத் தெரியவில்லை. மாற்றச் சலித்துக்கொண்டு, அங்கே இருப்பதை இங்கேயும், இங்கே இருப்பதை அங்கேயும் திருப்பிவிடும்படி தூக்கக் கலக்கத்தில் இரண்டு வரி கட்டளை எழுதினான்.

நைனாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுச் சென்னம்மாவுக்கு போன் போட்டான்.

"அக்கா, நைனா எங்க?"

"கட்டில்லதான்பா கீறாரு. கஞ்சி ஆத்திக்கினு கீறேன். இன்னைக்கி ஒரு மாதிரி முழிக்கிறாரு."

படத்தை உற்றுப் பார்த்தான். கொடியில் இவன் துண்டு. மூலையில் இவன் நீல பக்கெட். அட, இது இந்த அறைதான். எண் குழம்பி இந்தப் பக்கத்துக் கேமரா திறந்துவிட்டது என்று முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது.

இந்த அறையில் கேமரா கிடையாது.

தலைக்கு மேலே மின்விசிறி க்ரீச் க்ரீச் என்றது. இவன் விசிறி சத்தம் போடாது. தைல வாசனை வந்தது, அதனடியில் நனைந்த படுக்கையின் நாற்றம், சூடான கஞ்சியின் ஆவி. படத்தில் நாற்காலியில் இவன் முதுகு தெரிந்தது. இவன் அசையவில்லை. முதுகு அசைந்தது.

ஒயரைப் பிடுங்க வேண்டும். கை எழவில்லை.

கால்?

வாய்?

எதிரே லேப்டாப் இல்லை. ஓட்டுக் கூரை. அதன் கீழே கேமரா, சிவப்பு விளக்கு.

"வாய தொறண்ணா," என்றாள் சென்னம்மா, காதருகே. "ரெண்டு வாய் துன்னு."

அவள் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிய போனிலிருந்து கோவர்த்தனனின் குரல் கேட்டது.

"நைனாவுக்கு ஊட்டுக்கா. நான் கொஞ்சம் வெளியே நடந்துட்டு வரேன். இந்த ஒயர புடுங்கிடறேன், இனிமே வேணாம்."

கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்தது. கரண்டி உதட்டைத் தொட்டது.