பப்புவைக் கூப்பிட்ட கடிகாரம்

அந்த வீட்டில் மொத்தம் மூன்று பேர். அம்மா, கடைகளில் இருக்கும் எடை மெஷின்களைப் பழுது பார்ப்பவர். அக்காவுக்குப் பத்து வயது. எதையும் துருவித் துருவிக் கேட்டே ‘துருவி’ என்று பேர் வாங்கியவள். தம்பி பப்புவுக்கு ஆறு வயது. எழுத்துக்கூட்டிப் படிக்க இப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தான். பால் கவரில் தொடங்கி பஸ் பின்னால் எழுதியிருப்பது வரை, கண்ணில் பட்டதையெல்லாம் உரக்கப் படிப்பான்.

போன மாதம் அம்மா ஒரு பழைய கார் வாங்கினார். துருவியைப் போல இரண்டு மடங்கு வயது அதற்கு. முன்பு அது யாருடையது என்று விற்றவருக்கே தெரியவில்லை. உள்ளே பூட்டிக் கிடந்த அலமாரியின் வாசம் அடித்தது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடிக்குள் பச்சை எண்கள் ஒளிரும் சின்னக் கடிகாரம் ஒன்று இருந்தது.

பனி விழத் தொடங்கிய முதல் திங்கட்கிழமை. காலை ஏழு மணிக்கு எதிர் வீடே தெரியவில்லை. அம்மா சாவியைத் திருப்பினார். கடிகாரம் கண் விழித்தது. பின் சீட்டிலிருந்து பப்பு எட்டிப் பார்த்தான்.

“ஒண்ணு... ப... ப...” அவன் குரல் பாதியில் இறங்கியது. “அக்கா, அது என் பேரைச் சொல்லுது.”

துருவி பார்த்தாள். 1:பப. உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

பள்ளிக்குப் போகும் சாலை, மூடிக் கிடந்த கல்குவாரியை ஒட்டிப் போனது. பனிக்குள் அதன் இரும்புக் கேட் மட்டும் நிழலாகத் தெரிந்தது. அதைத் தாண்டும்போது கடிகாரம் 1:11 காட்டியது. காலை நேரத்தில் எப்படி ஒரு மணி ஆகும்? பிறகு அதில் கால் ஒடிந்த பூச்சிகளைப் போல என்னென்னவோ உருவங்கள் வந்தன. சில நிமிடங்கள் கழித்து மறுபடியும் 1:11.

“நேரம் திரும்பி வருதுக்கா,” என்று பப்பு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் விரல்கள் ஐஸாக இருந்தன.

அம்மாவால் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பள்ளி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் பார்த்தார். 7:26. அச்சுப் பிசகாமல் சரியான நேரம். இரண்டு பேரும் தூக்கக் கலக்கத்தில் எதையோ பார்த்திருக்கிறீர்கள் என்று சிரித்தார்.

செவ்வாய்க்கிழமையும் அதே கதைதான். பப்பு வகுப்பில் இதைச் சொல்ல, செத்துப்போனவர்கள்தான் அப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று பக்கத்துப் பெஞ்சுப் பையன் அடித்துச் சொல்லிவிட்டான். புதன்கிழமை பப்புவின் ஷூவைக் காணோம். வீடு முழுக்கத் தேடி, கடைசியில் அவனே ஒளித்து வைத்திருந்த வாஷிங் மெஷினுக்குள்ளிருந்து எடுத்தார்கள். அம்மா கடிகாரத்தின் மேல் கறுப்பு டேப் ஒட்டினார். டேப்பின் ஓரங்களில் பச்சை வெளிச்சம் கசிந்துகொண்டே இருந்தது.

“மூடி வச்சா மட்டும் அது சும்மா இருக்குமா?” என்று பப்பு அக்காவின் காதில் கேட்டான். துருவிக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் வெளியே சொல்லவில்லை.

வியாழக்கிழமை அவன் வாசல் கேட்டை இறுகப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறவே மாட்டேன் என்று அழுதான். அவனைத் தூக்கி உட்கார வைப்பதற்குள் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

“இந்த வண்டி நமக்கு ராசியில்ல போல,” என்றார் அம்மா. “ஞாயித்துக்கிழமை திருப்பிக் கொடுத்துடறேன்.”

துருவி அம்மாவின் தோளைப் பார்த்தாள். கார் வருவதற்கு முன் அம்மா எடை மெஷின்களைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில்தான் அலைவார். தோளில் கன்றிப்போன தடம் இப்போதுதான் மறைய ஆரம்பித்திருந்தது. வண்டியும் போகக் கூடாது, தம்பியும் பயப்படக் கூடாது. அப்படியானால் அந்தக் கடிகாரத்தை யாராவது நேருக்கு நேர் பார்த்தே ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமை அவள் முன் சீட்டில் உட்கார்ந்து டேப்பை உரித்தாள். மடியில் நோட்டு, மணிக்கட்டில் கைக்கடிகாரம். பப்பு பின்னால் முகத்தைப் பையில் புதைத்துக்கொண்டான். கைக்கடிகாரத்தின் நேரத்தை ஒரு பக்கமும், காரின் நேரத்தை இன்னொரு பக்கமும் எழுதிக்கொண்டே வந்தாள். கைக்கடிகாரத்தில் 7:04, காரில் 1:ப4. குவாரி கேட்டருகே அங்கே 7:11, இங்கே 1:11. அங்கே 7:17 ஆனபோதும் இங்கே 1:11. எழுதும்போதே அவளுக்கு முதுகு சில்லிட்டது.

சாயங்காலம் வீட்டுத் தரையில் தீக்குச்சிகளைப் பரப்பி, கடிகாரத்தில் வருவது போலவே எண்களை அடுக்கினாள். மேலே படுத்த குச்சி ஒன்று, வலது பக்கம் நின்ற குச்சி இரண்டு. ஏழு. நோட்டைப் பார்த்தாள். குச்சிகளைப் பார்த்தாள். மேல் குச்சியை மெதுவாக எடுத்தாள்.

ஏழு, ஒன்றாகிவிட்டது.

அடுத்துப் பூஜ்யம் செய்தாள். அதன் மேல் குச்சியையும் எடுத்தாள். தரையில் ‘ப’ உட்கார்ந்திருந்தது.

“பப்பு, இங்க வா,” என்றாள். அவன் கதவருகே நின்று பார்த்தான். “அது உன் பேரைச் சொல்லலடா. எல்லா எண்ணுக்கும் தொப்பி காணாமப் போச்சு. அவ்வளவுதான். நீயே எடுத்துப் பாரு.”

அவன் எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். “தொப்பிய யாரு எடுத்தா?” என்று கேட்டான். நல்ல கேள்விதான். துருவி நோட்டை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனாள்.

சனிக்கிழமை மதியம் அம்மா கடிகாரத்தைக் கழற்றி வேலை மேசைக்குக் கொண்டுவந்தார். பேட்டரியோடு இணைத்து ஏழு மணி வைத்தார். 7:00. ஒரு குறையும் இல்லை. தட்டினார், ஆட்டினார். தொப்பிகள் அசையவில்லை.

“டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் ஓடிப்போற மாதிரி இருக்கே,” என்று அம்மா உதட்டைப் பிதுக்கினார்.

துருவி நோட்டைப் புரட்டினாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது கோளாறு. வண்டி ஓடிச் சூடாகி, பள்ளி வரும்போது சரியாகிறது. மதியத்தில் ஒருநாளும் வந்ததில்லை.

“அம்மா, அதுக்குக் குளிரணும்,” என்றாள். “ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா?”

அம்மா கடிகாரத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, தக்காளிக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே எடுத்தபோது பையின் மேல் நீர் முத்து முத்தாகப் பூத்திருந்தது. துடைத்துவிட்டு இணைத்தார். பட்டனை அழுத்தி ஏழுக்குக் கொண்டுவந்தார். கறுப்புக் கண்ணாடிக்குள் பச்சை வெளிச்சம் எழுந்தது.

1:பப.

காரணம் தெரிந்திருந்தும் துருவியின் கை மயிர் சிலிர்த்து நின்றது. பப்பு அவள் பின்னால் ஒளிந்துகொண்டான்.

அவனைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. “எனக்கும் பயமாத்தான் இருக்கு,” என்றாள். “ஆனா அதுக்குக் குளிருது பப்பு. நீ கொஞ்சம் கையில பொத்தி வச்சுக்கிறியா? நான் உன் கைய விடமாட்டேன்.”

வெகுநேரம் யோசித்துவிட்டு அவன் கைகளை நீட்டினான். சின்ன உள்ளங்கைகள், எண்கள் மட்டும் தெரியும்படி கடிகாரத்தை மூடின. வெளியே துருவியின் கைகள். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. இரண்டாவது நிமிடம் எண்களின் தலைக்கு மேல் ஏதோ மினுங்கி மறைந்தது. மறுபடி மினுங்கியது. பிறகு எல்லாத் தொப்பிகளும் ஒன்றாக வந்து உட்கார்ந்தன.

“நான்தான் கொண்டு வந்தேன்,” என்று பப்பு மெல்லச் சொன்னான்.

அம்மா கடிகாரத்தைத் திறந்து பூதக்கண்ணாடியை வைத்தார். மேல் கோடுகளுக்கெல்லாம் மின்சாரம் கொண்டுபோகும் கம்பிக்கால் ஒன்றைச் சுற்றி, தலைமயிரை விட மெல்லிய விரிசல் ஓடியிருந்தது. குளிரில் உலோகம் சுருங்கும்போது விரிசல் வாய் பிளக்கும், சூட்டில் மூடிக்கொள்ளும் என்று விளக்கினார். சால்டரிங் அயர்னைச் சூடாக்கி ஒரு சொட்டு ஈயம் வைத்தார். இழைப் புகை ஒன்று எழுந்து அடங்கியது. மறுபடி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தார்கள். ஏழு, ஏழாகவே இருந்தது.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சை அம்மா அதன் பிறகு எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பனி முன்னைவிட அடர்த்தியாக இருந்தது. குவாரி கேட் அதே மாதிரி நிழலாக வந்து நிழலாகப் போனது. பப்பு முன் சீட்டுகளுக்கு நடுவே கழுத்தை நீட்டி, எண் மாறும்போதெல்லாம் உரக்கப் படித்தான். ஏழு பதினொண்ணு, ஏழு பன்னெண்டு, ஏழு பதிமூணு. ஒவ்வொரு முறையும், “சரிதானே அக்கா?” என்று கேட்டான். பள்ளி வருவதற்குள் இருபத்தாறு தடவை கேட்டிருப்பான். துருவி இருபத்தாறு தடவையும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “சரிதான்டா,” என்று சொன்னாள்.