கம்பமெல்லாம் ஒற்றைச் செருப்பு!

சிமெண்ட் கிடங்குக்குப் பின்னால் போகும் சாலையில் அந்தச் சிறுமி கிடந்தாள்.

பத்து வயது. நீச்சல் வகுப்புக்குக் கொண்டு போகும் பை தோளிலேயே இருந்தது. ஒரு காலில் செருப்பு. இன்னொரு காலில்... இல்லை!

மோதிய கார் நிற்காமல் பறந்துவிட்டது என்றுதான் கூடியிருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். குனிந்து பார்த்த இன்ஸ்பெக்டர் மட்டும் அப்படியே நின்றுவிட்டார்.

சிறுமியின் மூக்குக்கண்ணாடி, தலைமாட்டில், அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அடிபட்டுக் கிடப்பவள் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைப்பாளா?

யாரோ இறங்கியிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு எழுந்து... போயே போய்விட்டார்கள்!

"ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா போதும், பொழைச்சிருப்பா," என்றார் டாக்டர். அதைக் கேட்ட தாய், ஆஸ்பத்திரித் தரையில் விழுந்தவள்தான். எழுப்ப நான்கு பேர் தேவைப்பட்டார்கள்.

அது நடந்து ஒரு வருடம் ஓடிவிட்டது. காரும் சிக்கவில்லை, ஆளும் சிக்கவில்லை.

*

தையல் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நிருபர் உள்ளே நுழைந்தாள். தோளில் கேமரா. கையில் தன் பெயர் எழுதிய தடிமனான ஒரு ஆல்பம்.

அவளை ஊருக்கே தெரியும். விளக்குக் கம்பம், பஸ் நிறுத்தம், குப்பைத் தொட்டி என்று எங்கே எந்த ஸ்டிக்கர் இருந்தாலும் சரி, ஒட்டியவரைத் தேடிப் பிடித்து, அதன் பின்னால் இருக்கும் கதையை வாராவாரம் பத்தாம் பக்கத்தில் எழுதிவிடுவாள். வாசகர்கள் செல்லமாக வைத்த பெயர், ஸ்டிக்கர் அக்கா!

தையல்காரம்மா மெஷினிலிருந்து நிமிர்ந்தாள். நாற்பதைத் தாண்டாத முகம் அறுபதாக வாடியிருந்தது. மகளைப் பறிகொடுத்தவள் வேறு எப்படி இருப்பாள்!

"வாங்க மேடம். காலையில போன் பண்ணது நான்தான். அந்தச் செருப்பு ஸ்டிக்கர்... ஒட்டினது நான்தான்."

"நீங்களா!" நிருபர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஊரே மண்டையைப் பிச்சுக்கிட்டு இருக்கும்மா! எழுத்து இல்ல, போன் நம்பர் இல்ல. வெறும் ஒத்தைச் செருப்பு. ஏதோ செருப்புக் கம்பெனி வேலைன்னு எங்க ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க."

"என் பொண்ணு செருப்பு மேடம்."

நிருபர் பேனாவைத் திறந்தாள்.

"வார் அறுந்து போச்சு. நான்தான் ரெண்டுக்கும் பச்சை ரிப்பன் வச்சு தைச்சுக் குடுத்தேன். ஜோடியில ஒண்ணுதான் வீட்டுக்கு வந்துச்சு... அதைப் போட்டோ எடுத்து, ஸ்டிக்கர் அடிச்சு, கம்பம் கம்பமா ஒட்டினேன். கொன்னவங்க யாருன்னு தெரியாம எனக்கு உசிரு போகக் கூடாது மேடம்!"

"போலீஸ் என்ன சொல்றாங்க?"

"சாட்சி இல்லைங்கறாங்க."

"இந்த ஸ்டிக்கர் விஷயத்தை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"பேப்பர்காரங்கள்ல நீங்கதான் முதல். நீங்களும் வரலன்னா, போன்ல சொன்ன மாதிரி இன்னொரு பேப்பருக்குப் போயிருப்பேன்."

"அய்யோ, வேண்டாம் வேண்டாம்! நானே எழுதறேன். படிக்கிறவங்க கண்ணுல தண்ணி வரணும், அப்படி எழுதறேன்."

தையல்காரம்மா மேஜை டிராயரைத் திறந்து ஒரு புது ஸ்டிக்கரை எடுத்து நீட்டினாள்.

"எந்த ஸ்டிக்கரா இருந்தாலும் ஒண்ணே ஒண்ணு உரிச்சு ஆல்பத்துல வச்சுக்குவேன்னு எழுதுவீங்களே... இந்தாங்க. கசங்காதது."

நிருபர் ஒரு கணம் தயங்கினாள். பிறகு நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, பின்தாளை உரித்து, ஆல்பத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"இத்தனை நாளா இது உங்ககிட்ட இல்லையா மேடம்?"

"இல்லம்மா. கிடைக்கல."

"எப்படிக் கிடைக்கும்?" தையல்காரம்மாவின் குரல் திடீரென்று மாறியது. "ஒட்ட ஒட்ட யாரோ உரிச்சுக்கிட்டே வந்தாங்களே! பக்கத்துல கரப்பான் மருந்து ஸ்டிக்கர் அப்படியே இருக்கு. வீடு வாடகைக்கு அப்படியே இருக்கு. என் பொண்ணு செருப்பு மட்டும் இல்ல!"

"துப்புரவு ஆளுங்க சுரண்டியிருப்பாங்க..."

"அவங்க சுரண்டினா எல்லாத்தையும்தானே சுரண்டுவாங்க? இது என்ன செருப்புன்னு தெரிஞ்ச ஆள் உரிச்சது மேடம்! வாசகர் மாதிரி உங்க ஆபீசுக்கு எத்தனை தடவை போன் பண்ணினேன், இதைப் பத்தி எழுதச் சொல்லுங்கன்னு! காளான் ஸ்டிக்கருக்கு ஒரு பக்கம் எழுதினீங்க. மீசை வச்ச மீனுக்கு ஒரு பக்கம். ஊரே கேட்ட இதுக்கு மட்டும் ஒரு வரி இல்ல. வேற பேப்பருக்குப் போறேன்னதும் விழுந்தடிச்சு ஓடி வந்தீங்க... ஏன் மேடம்?"

நிருபர் ஆல்பத்தைப் படாரென்று மூடினாள்.

"துக்கத்துல என்னவோ உளர்றீங்க. நான் கிளம்பறேன்!"

"உட்காருங்க ஸ்டிக்கர் அக்கா!"

குரல் வந்த டிரையல் ரூமின் திரை விலகியது. உள்ளேயிருந்து வந்தது இன்ஸ்பெக்டர்! சாதாரண உடையில் இருந்த அந்த அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார்.

"நானும் உங்க வாசகிதான். நின்னு நின்னு முதுகே போச்சு. அந்த ஆல்பத்தை இப்படிக் குடுங்க."

"ஸ்டிக்கர் உரிச்சா குத்தமா?" நிருபர் சீறினாள். "கோர்ட்டுல சிரிப்பாங்க!"

"சிரிப்பாங்கதான். நான் கேக்கறது உரிச்சதை இல்லீங்க... இப்ப ஒட்டினீங்களே, அதை!"

"என்ன... என்ன சொல்றீங்க?"

"குழந்தையோட கண்ணாடியில ஒரு கட்டைவிரல் ரேகை இருந்துச்சு. அதை நாங்க வெளியில மூச்சு விடல. கம்பத்துல நீங்க அவசரத்துல பிச்சு விட்டுட்டுப் போன துண்டுகள்லயும் அதே ரேகைதான். பசை இருக்கே, விரலை அப்படியே பிடிச்சு வச்சுக்கும். யார் விரல்னுதான் தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தோம். பேர் எழுதின ஆல்பத்துலயே ஒட்டிக் குடுத்துட்டீங்க!"

நிருபரின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் சமாளித்தாள்.

"லேப் ரிப்போர்ட் வரட்டும். என் வக்கீல் வரட்டும். அதுவரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் பதில் சொல்வதற்குள் தையல்காரம்மா அவள் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள். அடிக்கவில்லை. சபிக்கவும் இல்லை.

"எனக்கு ரேகையும் தெரியாது, கோர்ட்டும் தெரியாது. அவ கடைசியா மூச்சு விட்டப்ப பெத்தவ நான் பக்கத்துல இல்ல. நீங்க இருந்திருக்கீங்க... ஏதாவது சொன்னாளா மேடம்? அதை மட்டும் சொல்லிடுங்க. உங்க காலைப் பிடிச்சுக்கறேன்!"

நிஜமாகவே காலைப் பிடித்துவிட்டாள்.

நிருபர் ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தாள். வக்கீல், லேப் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

"எங்க திரும்பினாலும் அந்தப் பச்சை ரிப்பன்... ஆபீஸ் வாசல்ல... என் பையன் ஸ்கூல் கேட்ல... உரிக்க உரிக்க வந்துக்கிட்டே இருந்துச்சு..." சட்டென்று உடைந்து அழுதாள். "ஒரு செருப்பைக் காணோம்னு சொன்னா. 'தேடிக் குடுங்க ஆண்ட்டி, அம்மா திட்டுவாங்க'ன்னு சொன்னா. இதோ தேடறேன்னுதான் எழுந்தேன்... கார்ல ஏறிட்டேன்!"

"திட்ட மாட்டேன்டி..." தையல்காரம்மா தரையைத் தடவினாள். "அம்மா திட்டவே மாட்டேன்டி என் கண்ணு!"

எத்தனையோ பிணங்களைப் பார்த்த இன்ஸ்பெக்டரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது துணி வெட்டும் மேஜை மேல் நிருபரின் செல்போன் அலறியது. பத்திரிகை ஆசிரியர்! இன்ஸ்பெக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எடுத்தார்.

"என்னம்மா, செருப்புக் கதை கிடைச்சுதா இல்லையா? பத்தாம் பக்கம் காலியாக் கிடக்குது!"

"கிடைச்சுது சார். ஆனா முதல் பக்கத்துக்கு மாத்திடுங்க. போட்டோவுக்கு அலைய வேண்டாம், ஸ்டேஷன்லேர்ந்து நாங்களே ரெண்டு அனுப்பறோம்... உங்க நிருபர் நேராப் பார்க்கற மாதிரி ஒண்ணு, பக்கவாட்டுல திரும்பின மாதிரி ஒண்ணு!"