காற்றுத் துளையில் ஒரு காலுறை

பத்து மணிக்குத் தெருவே புதுப்பித்த வீட்டைப் பார்க்க வரப்போகிறது. ஒன்பதே முக்காலுக்கே டோர்லேயின் மானம் கப்பலேறிவிட்டது.

"அண்ணி! இங்க வந்து பாருங்க இந்தக் கண்றாவிய!"

நாத்தனார் உல்ரிகேயின் குரல் மாமனார் அறையிலிருந்து வந்தது. அலமாரியை நகர்த்தித் துடைக்கப் போனவள், பின்சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துப் படர்ந்திருந்த பூசணத்தைக் கண்டுவிட்டாள். ஆப்பிள் கேக்கை அடுப்பிலேயே விட்டுவிட்டு டோர்லே ஓடினாள். அவளுக்கு அது புதிதல்ல. மூன்று வாரமாகத் தெரியும்.

வீட்டுவாசல் நடைபாதையை முறைவைத்துக் கழுவுகிற தெற்கு ஜெர்மனியின் ஸ்வேபியாக்காரர்கள் அவர்கள். அங்கே சுவரில் பூசணம் என்றால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை என்று அர்த்தம்.

கணவன் எபர்ஹார்ட் வந்து பார்த்தான். முகம் சுண்டிப்போயிற்று. இரண்டு வருட உழைப்பு அது! சுவருக்கெல்லாம் கனமான குளிர்க்காப்பு, மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல், வீட்டைச் சூடாக்க எண்ணெய்க் கொதிகலனுக்குப் பதில் வெப்ப பம்பு. வெளிச்சுவரில் துளையிட்டு அறைக்கொரு காற்றாடி. ஒரு நிமிடம் பழைய ஈரக்காற்றை வெளியே தள்ளி அதன் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மறு நிமிடம் புதுக்காற்றை அந்தச் சூட்டோடு உள்ளே இழுக்கும். வெப்ப பம்பின் தொட்டிக்கு இடமில்லை என்றபோது டோர்லேயின் தையல் அறைதான் போயிற்று. அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை.

"ஈரத்துணிய இங்கயா காயப்போட்ட?"

"ஆமாங்க..." என்றாள் டோர்லே. பொய்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஊருக்கே பெருமையடிச்சு வெச்சிருக்கேன்... இப்ப என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்க?"

"அம்மா இருந்தவரைக்கும் இந்த வீட்டுச் சுவத்துல ஒரு புள்ளி கெடையாது!" என்றாள் உல்ரிகே.

அந்த அம்மாவை இதே அறையில், இதே கட்டிலில், கடைசிவரை ஒற்றை ஆளாய்ப் பார்த்துக்கொண்டவள் டோர்லே. வெட்கத்தில் காது மடல் எரிந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவள விடுங்க!"

வாசலில் மாமனார் கோட்லோப் நின்றிருந்தார். தடியை ஊன்றி ஊன்றிச் சுவரருகே போனார்.

"மாமா, வேண்டாம்..." டோர்லே குறுக்கே போனாள். அவர் அவளை விலக்கிவிட்டுத் தடியால் காற்றாடியின் மூடியை நெம்பினார். மூடி கீழே விழுந்தது. உள்ளே சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை ஒன்று திணித்து வைக்கப்பட்டிருந்தது!

"நான்தான் அடைச்சேன். ரெண்டு மாசமாச்சு."

"ஏம்ப்பா? குளிர்காத்து அடிச்சுதா?"

"காத்தாவது, கத்திரிக்காயாவது! அந்தச் சத்தம்டா... இழுக்குது, நின்னுபோகுது. அடுத்தது வருமா, வராதான்னு நான் காத்துக்கெடக்கேன். உங்கம்மா கடைசி மூணு நாளும் இப்படித்தான் மூச்சு விட்டா... அவன் ஆசைப்பட்டுச் செஞ்ச வீடு, சொல்லிராத தாயீன்னு இவகிட்ட நான்தான் கெஞ்சினேன்."

எபர்ஹார்ட் காலுறையை உருவி எடுத்தான். காற்றாடி மூச்சை இழுத்தது. நின்றது. நான்கு பேரும் அசையாமல் நின்றார்கள். மறுபடி மெல்ல விட்டது.

"எனக்கு... இது தெரியாதே, அப்பா."

"நீ எப்படா இருந்த?" என்றார் கிழவர். அதில் கோபம் இல்லை. அதுதான் சுட்டது.

அந்த மூன்று நாளும் அவன் வெளியூர் வேலையில் இருந்தான். உல்ரிகே அடக்கத்துக்குத்தான் வந்தாள். இருவரும் தரையைப் பார்த்தார்கள். பழி நீங்கியும் டோர்லேக்கு நிம்மதி வரவில்லை. கிழவரின் வேதனையைப் பிள்ளைகள் முன் அம்பலமாக விட்டுவிட்டோமே என்று கூசினாள்.

அழைப்பு மணி அடித்தது. உல்ரிகே பதறி அலமாரியைச் சுவரோடு தள்ளப் போனாள்.

"விடு. இருக்கட்டும்," என்றான் எபர்ஹார்ட்.

அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் அறைக்குள் வந்தார்கள். பூசணத்தைப் பார்த்தவர்களின் கண்கள் வழக்கம்போல் டோர்லே மேல் திரும்பின.

"அங்க பாக்காதீங்க," என்றான் அவன். "தப்பு என்னோடது. எல்லாத்தையும் அளந்தேன். இங்க படுக்குறவர ஒரு வார்த்த கேக்கல. அவருக்காகப் பழியச் சுமந்தவ இவ... இவளப்போய்த் திட்டினேன்!"

அவன் அவள் பக்கம் திரும்பினான். "உன் தையல் ரூமையும் கேக்காமத்தான எடுத்தேன்?"

அவ்வளவு நேரம் கல்லாய் நின்றவள், அத்தனை பேர் முன்னால் விசும்பி விசும்பி அழுதாள். உல்ரிகே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அண்ணி... என்ன மன்னிச்சிருங்க..."

எபர்ஹார்ட் அவசரமாக, கையில் இருந்ததை நீட்டினான். டோர்லே அதில் கண்ணைத் துடைத்து, மூக்கையும் சிந்திவிட்டு, அப்புறம்தான் பார்த்தாள்.

அந்தக் காலுறை!

"அட, அது என்னோடதும்மா," என்றார் கோட்லோப். "துவைக்காதது."